ஆடாமல் எடுப்பது எப்படி? பலூன் முதல் டிரோன் வரை

டிரோனில் எடுத்த வீடியோ தெளிவாக இல்லை என்றால் நாம் முதலில் குறை சொல்வது கேமராவைத்தான். 4கே இருந்தால் நன்றாக வந்திருக்கும், பெரிய சென்சார் இருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும் என்று பேச்சு அந்தப் பக்கமே போகும். அது முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வானத்திலிருந்து படம் எடுக்க ஆரம்பித்து 160 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கதையை முதலிலிருந்து படித்துக்கொண்டே வந்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. படத்தைக் கெடுப்பது அநேகமாக லென்ஸும் இல்லை, பிலிமும் இல்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு பறக்கிறதே அந்த வாகனம்தான்! பறக்கவும் அது வேண்டும், படத்துக்கு எதிரியும் அதுதான். இந்தச் சண்டை எப்படியெல்லாம் நடந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

கதை பாரிஸில் தொடங்குகிறது. வருடம் 1858. நதார் என்ற பெயரில் பிரபலமாக இருந்த பெலிக்ஸ் தூர்னாஷோன் என்ற புகைப்படக்காரர், கயிற்றால் கட்டிய பலூனில் ஏறி பாரிஸுக்கு வெளியே ஒரு கிராமத்தைப் படமெடுக்கப் பார்த்தார். அந்தக் காலத்துப் புகைப்படம் என்றால் சும்மா இல்லை. கண்ணாடித் தட்டில் கொலோடியன் என்ற பசை போன்ற திரவத்தைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அந்த ஈரத்தோடேயே கழுவியும் ஆகவேண்டும். எல்லாம் கால் மணி, இருபது நிமிடத்துக்குள். அதனால் இருட்டறையையும் பலூன் கூடைக்குள்ளேயே கூடாரமாகக் கட்டிக்கொண்டு போனார் மனிதர்.

ஒரு தட்டும் தேறவில்லை. ஒவ்வொரு முறையும் வெறும் கறுப்புதான். கீழே எடுத்தால் வருகிறது, மேலே போனால் வரவில்லை. கடைசியில் காரணம் தெரிந்தது. மேலே போகப் போக பலூனுக்குள் இருக்கும் வாயு விரிந்து, அடியில் திறந்திருக்கும் கழுத்து வழியாகக் கூடைக்குள் வழியும். அந்த வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு கலந்திருந்தது. வெள்ளிக் கொலுசு நாளாக ஆகக் கறுத்துப் போகிறதே, அதே வேதியியல்தான். தட்டில் இருந்த வெள்ளி உப்பு, வாயு பட்டதும் கறுத்துவிட்டது. பலூனின் கழுத்தை மூடிவிட்டு ஏறியபோதுதான், மங்கலாக என்றாலும், படம் என்று சொல்லக்கூடிய ஒன்று அவருக்குக் கிடைத்தது. அந்தப் படம் இன்று இல்லை, தொலைந்துவிட்டது. கவனியுங்கள், உலகின் முதல் வான்வழிப் புகைப்படத்துக்கு வந்த முதல் கோளாறே வாகனம் விட்ட மூச்சுக்காற்றுதான்.

இன்று நம்மிடம் இருக்கும் மிகப் பழைய வான்வழிப் படம் 1860 அக்டோபரில் ஜேம்ஸ் வாலஸ் பிளாக் என்பவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்கு மேலே பலூனிலிருந்து எடுத்தது. உயரம் சுமார் 1200 அடி. எடுத்தது எட்டு தட்டு, நல்லதாகத் தேறியது ஒன்று. ஆடுகிற கூடையிலிருந்து எடுத்ததற்கு அந்தப் படம் அசாத்தியத் தெளிவு. இணையத்தில் தேடினால் கிடைக்கும், அவசியம் பாருங்கள். எட்டில் ஒன்று என்பது இன்றைய டிரோன்காரர்களுக்கும் பழக்கமான கணக்காகத்தான் இருக்கும் :-)

1870களுக்குப் பிறகு உலர்ந்த ஜெலட்டின் தட்டுகள் வந்தன. இது பெரிய மாற்றம். முன்கூட்டியே தயார் செய்து எடுத்துப்போகலாம், கீழே வந்து நிதானமாகக் கழுவலாம். இன்னொன்று, இவற்றுக்கு வெளிச்சத்தை உணரும் திறன் அதிகம், எனவே ஷட்டரை நொடியில் நூறில் ஒரு பங்கு மட்டும் திறந்தால் போதும் என்ற நிலை வந்தது. ஆட்டம் படத்தில் பதிவதற்கு முன்பே படம் முடிந்துவிடும். இதன் பிறகுதான் மனிதன் கூடவே ஏறிப்போக வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. 1888இல் பிரான்ஸில் அர்தூர் பத்யூ என்பவர் பட்டத்தில் கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டார். ஷட்டரை யார் அழுத்துவது? மெதுவாக எரியும் ஒரு திரி. திரி எரிந்து முடிந்ததும் நூல் அறுந்து ஷட்டர் விழும். கூடவே ஒரு காகிதக் கொடியும் அவிழும். அதைப் பார்த்து, படம் எடுத்தாகிவிட்டது என்று கீழே இருப்பவர் பட்டத்தை இறக்குவார். ஆளில்லாமல் பறந்து படமெடுப்பது என்று பார்த்தால், டிரோனுக்கு நேர் தாத்தா இந்தப் பட்டம்தான்.

எனக்கு இந்த வரிசையில் மிகவும் பிடித்தவர் ஜார்ஜ் லாரன்ஸ். 1906 ஏப்ரல் 18 அன்று பூகம்பமும் அதைத் தொடர்ந்த தீயும் சான்பிரான்சிஸ்கோ நகரத்தை நாசமாக்கின. சில வாரங்கள் கழித்து லாரன்ஸ் அங்கே போய் 17 பட்டங்களை ஒரே கயிற்றில் வரிசையாகப் பறக்கவிட்டார். அவை தூக்கிச் சென்றது 49 பவுண்டு, அதாவது சுமார் 22 கிலோ எடையுள்ள ஒரு ராட்சத கேமராவை. கடலுக்கு மேல் 2000 அடி உயரத்தில் எடுத்ததாகப் படத்தின் தலைப்பிலேயே எழுதியிருக்கிறார். நகரம் முழுவதும் சிதைந்து கிடப்பது தெரு தெருவாகத் தெரிகிறது. ஏறக்குறைய 4 அடி அகலமுள்ள நெகட்டிவ் அது. பெரிதாக்க வேண்டிய தேவையே இல்லாமல் அப்படியே ஒட்டி வைத்துப் பிரதி எடுத்தார்கள்.

22 கிலோவைப் பட்டத்தில் தூக்கியது ஆச்சரியம்தான். அதைவிட ஆச்சரியம் அதை ஆடாமல் நிறுத்தியது. கேமராவிலிருந்து மூன்று பக்கமும் நீளமான கைகளை நீட்டி, அவற்றின் நுனிகளிலிருந்து நூல்களை இறக்கி, கீழே ஒன்றாக முடிந்து ஈயக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். நம் ஊரில் கழைக்கூத்தாடி கயிற்றின் மேல் நடக்கும்போது கையில் நீளமான கழியைக் குறுக்கே பிடித்திருப்பாரே, அதே தத்துவம். எடை நடுவில் குவியாமல் தூரத்தில் பரவி இருந்தால், அந்தப் பொருளைச் சட்டென்று திருப்ப முடியாது. காற்று தள்ளும், ஆனால் கேமரா சோம்பலாக, மெதுவாகத்தான் திரும்பும். அந்த மெதுவான அசைவை ஷட்டர் வேகம் ஜெயித்துவிடும். இந்தக் கழியை மறந்துவிடாதீர்கள், 70 வருடம் கழித்து ஹாலிவுட்டில் மறுபடியும் வரப்போகிறது.

இதே காலத்தில் ஜெர்மனியில் நியூப்ரோனர் என்ற மருந்துக்கடைக்காரர் புறாவின் மார்பில் குட்டி கேமராவைக் கட்டிப் படமெடுத்தார். 1907இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1908இல் வாங்கினார். அவர் படங்களில் பிரபலமான ஒன்றில் இரண்டு பக்கமும் புறாவின் இறக்கை நுனிகள் விழுந்திருக்கும். வேகமாக முன்னால் பறக்கும்போது டிரோனின் புரொபெல்லர் படத்தின் மேல் ஓரத்தில் எட்டிப்பார்க்கிறது என்று இப்போது புலம்புகிறவர்கள் இந்தப் படத்தைப் பார்த்து ஆறுதல் அடையலாம்.

முதல் உலகப்போரில் விமானம் வந்ததும் பிரச்சினை வேறு அளவுக்குப் போனது. பலூனிலும் பட்டத்திலும் எஞ்சின் கிடையாது. விமானத்தில் உண்டு. எஞ்சின் என்றால் அதிர்வு. 1915இல் பிரிட்டிஷ்காரர்கள் பயன்படுத்திய முதல் கேமராக்களை, திறந்த விமானத்தின் பக்கவாட்டில் கையால் பிடித்துக்கொண்டு, குளிரில் விறைத்த விரலால் ஒவ்வொரு தட்டாக மாற்ற வேண்டியிருந்தது. அப்புறம் கேமராவை விமானத்தோடு பொருத்தினார்கள். பொருத்தினால் எஞ்சினின் அதிர்வு நேராகக் கேமராவுக்குள் போகும். கையில் பிடித்தால் உடம்பே அதிர்வை வாங்கிக்கொள்ளும், ஆனால் கை ஆடும். இந்த இழுபறியில்தான் ஸ்பாஞ்ச் ரப்பர் மேல் கேமராவை உட்கார வைப்பது, அதன் எடை மையத்தில் பிடித்துத் தொங்கவிடுவது போன்ற உத்திகள் பிறந்தன. அமெரிக்க ராணுவத்துக்காக இந்த ஆராய்ச்சியில் ஈடுபட்ட ஹெர்பர்ட் ஐவ்ஸ் 1920இல் விமானப் புகைப்படக்கலை பற்றி ஒரு புத்தகமே எழுதினார். கேமராவை எப்படித் தொங்கவிடுவது என்பது அதில் ஒரு முக்கியமான விஷயம்.

இங்கே கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம், பயப்படாதீர்கள், சின்னக் கணக்குதான். விமானம் நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் போகிறது. ஷட்டர் நொடியில் நூறில் ஒரு பங்கு திறக்கிறது. அந்த நேரத்தில் விமானம் நகர்வது 45 செ.மீ. அவ்வளவுதான் மங்கல். பரவாயில்லை. இப்போது விமானம் 3000 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது கொஞ்சம் சாய்கிறது என்று வையுங்கள், நொடிக்கு 5 டிகிரி. அவ்வளவு உயரத்தில் 1 டிகிரி என்பது தரையில் 52 மீட்டர். நொடிக்கு 5 டிகிரி என்றால் 260 மீட்டர். அதில் நூறில் ஒரு பங்கு 2.6 மீட்டர்! முன்னால் ஓடுவதால் வரும் மங்கலைவிட, தலை ஆட்டுவதால் வரும் மங்கல் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. இடம் மாறுவதைவிடக் கோணம் மாறுவதுதான் படத்தைக் கொல்கிறது. இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் இன்றைய டிரோனில் கேமராவுக்கு அடியில் ஏன் மூன்று மோட்டார்கள் இருக்கின்றன என்பதும் புரிந்துவிடும்.

இரண்டாம் உலகப்போர்க் கதையில் இரண்டு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஒன்று, சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலியர். 1939இல் போர் தொடங்குவதற்கு முன்பே பயணிகள் விமானம் போலத் தோன்றும் ஒரு லாக்ஹீட் விமானத்தின் அடியில் கேமராவை ஒளித்துவைத்து ஜெர்மனியைப் படமெடுத்தவர். உயரத்தின் குளிரில் லென்ஸ் மேல் பனிப்படலம் படிந்து படம் பாழாகும். விமானத்துக்குள் இருக்கும் சூடான காற்று லென்ஸைத் தொட்டுக்கொண்டு வெளியே போகும்படி செய்தால் பனி படியாது என்று அவர் கண்டார். நதாருக்கு எதிரியாக இருந்த கசிவு, காட்டனுக்கு நண்பன் ஆனது.

இன்னொன்று, ஸ்ட்ரிப் கேமரா. அமெரிக்க விமானப்படையின் ஜார்ஜ் கோடார்ட் இதை விடாப்பிடியாக ஆதரித்தவர். விமானம் தாழப் பறந்தால் தரை லென்ஸுக்கு முன்னால் பாய்ந்து ஓடும், எவ்வளவு வேகமான ஷட்டரும் போதாது. சரி, ஷட்டரே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஒரு மெல்லிய பிளவுக்குப் பின்னால், தரையின் பிம்பம் எந்த வேகத்தில் ஓடுகிறதோ அதே வேகத்தில் பிலிமையும் ஓடவிட்டார்கள். ஓடும் ரயிலுக்கு இணையாக நாமும் ஓடினால் ஜன்னலில் இருப்பவர் முகம் தெளிவாகத் தெரியும் அல்லவா, அது மாதிரி. வரி வரியாக முழு நிலப்பரப்பும் ஒரே நீண்ட படமாகப் பதிந்துவிடும். வாகனத்தின் ஓட்டத்தையே படமெடுக்கும் இயந்திரத்தின் பாகமாக்கிவிட்ட இந்த யோசனை அபாரமானது. இந்த "வரி வரியாக" என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை எல்லாம் அசையாப் படம். சினிமாவில் கதையே வேறு. ஒரு போட்டோ தெளிவாக வந்தால் போதும், நொடிக்கு 24 படங்கள் தெளிவாக வந்தாலும் அவை ஒன்றுக்கொன்று குதித்தால் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். பிரான்ஸின் ஆல்பர்ட் லமோரிஸ் (1956இல் வந்த சிவப்பு பலூன் படத்தின் இயக்குநர்) ஹெலிகாப்டரில் அதிர்வில்லாமல் படமெடுக்க ஹெலிவிஷன் என்ற அமைப்பை உருவாக்கினார். 1960இல் வந்த அவருடைய பலூன் பயணப் படம் அதில் எடுத்ததுதான். கடைசியில் 1970இல் ஈரானில் ஒரு ஆவணப்படத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து படமெடுத்துக்கொண்டிருந்தபோது, அது விபத்துக்குள்ளாகி அவர் இறந்துபோனார். அந்தப் படத்தை அவர் மனைவியும் மகனும் பிறகு முடித்தார்கள். டிரோன் வருவதற்கு முன் வானிலிருந்து ஒரு காட்சி எடுப்பது என்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கீழே நின்று பட்டனைத் தட்டுகிற நமக்கு அது தெரிவதே இல்லை.

1960களில் அமெரிக்காவில் நெல்சன் டைலர், ஹெலிகாப்டர் கதவில் சமநிலைத் தராசு போலக் கேமராவைத் தொங்கவிடும் அமைப்பைச் செய்தார். கனடாவில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் ராணுவத்துக்காகச் செய்த ஒரு அமைப்பு பிறகு வெஸ்கேம் என்ற பெயரில் சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் வந்தது. அதில் கேமரா ஒரு மூடிய உருண்டைக்குள் இருக்கும், காற்று படாது. உள்ளே சுழலும் கைரோஸ்கோப்புகள் அதைத் திசை மாறாமல் பிடித்திருக்கும். கைரோஸ்கோப் என்ற பெயரை வைத்தவர் லெயோன் பூக்கோ, 1852இல், பாரிஸில். நதார் அதே ஊரில் பலூனில் ஏறுவதற்கு ஆறு வருடம் முன்பு! மருந்து பக்கத்துத் தெருவிலேயே இருந்திருக்கிறது, நோய்க்கு அது போய்ச் சேர நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

கழைக்கூத்தாடியின் கழி திரும்பி வருவது இங்கேதான். காரெட் பிரவுன் கண்டுபிடித்த ஸ்டெடிகேம் 1976இல் திரைக்கு வந்தது. கேமராவை ஒரு முனையிலும் பேட்டரியையும் மானிட்டரையும் எதிர் முனையிலும் வைத்து நடுவில் பிடிப்பது. எடையைப் பரப்பிச் சோம்பேறியாக்குவது. 1906இல் லாரன்ஸ் செய்த அதே வேலை.

சரி, இப்போது டிரோன். 2010ஐ ஒட்டிய வருடங்களில் வீட்டில் டிரோன் செய்தவர்கள் அதற்கான உணரிகளை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? நின்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியின் ரிமோட்டில் செருகும் மோஷன் பிளஸ் என்ற துணைக்கருவியிலிருந்து! 2009இல் வந்த அதற்குள் ஒரு சிலிக்கான் கைரோ இருந்தது. அதைப் பிரித்தெடுத்துப் பறக்கவிட்டார்கள். மல்ட்டிவீ என்ற கட்டற்ற மென்பொருளின் பெயரே அப்படித்தான் வந்தது. பூக்கோவின் கனத்த சக்கரம் நகத்தைவிடச் சின்ன சில்லாகிவிட்டது, செல்போனிலும் விளையாட்டுப் பொம்மையிலும் லட்சக்கணக்கில் போவதால் விலையும் விழுந்துவிட்டது. டிரோன் புரட்சி என்று சொல்கிறோமே, பாதி அதுதான்.

டிரோன் பறந்தது. படம்? பயங்கரம். 2013 ஜனவரியில் டிஜேஐ நிறுவனத்தின் முதல் பாண்டம் வந்தபோது அதில் கேமரா கிடையாது, கோப்ரோவை மாட்டிக்கொள்ள ஒரு தாங்கி மட்டும். அப்படி மாட்டி எடுத்த வீடியோவில் கட்டடங்கள் ஜெல்லி போல நெளியும். பெயரே ஜெல்லோ எஃபெக்ட்தான். காரணம் இதுதான். இந்தச் சின்ன கேமராக்களின் சென்சார் முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் பதிவு செய்வதில்லை. மேலிருந்து கீழே வரி வரியாகப் படித்துக்கொண்டு வரும். ஒரு பிரேமைப் படிக்க நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால் நொடிக்கு 100 அதிர்வு. ஒரு பிரேமுக்குள் இரண்டு முழு அதிர்வு. முதல் வரிகள் இடது பக்கம் சாய்ந்தபோது பதிகின்றன, அடுத்தவை வலது பக்கம், பிறகு மறுபடி இடது. நேர்க்கோடு பாம்பாகிவிடுகிறது. ஸ்ட்ரிப் கேமராவில் வாகனத்தின் ஓட்டத்தோடு ஒத்துப்போன அதே வரி வரிப் பதிவு, இங்கே அதிர்வோடு மோதுகிறது.

இதற்கு ஆர்வலர்கள் செய்த வைத்தியம் எல்லாம் தனி நகைச்சுவை. புரொபெல்லரின் எடை குறைந்த பக்கம் துளி செலோடேப் ஒட்டிச் சமன் செய்வது. தாங்கிக்கு நடுவில் காதில் அடைக்கும் பஞ்சு நுரையை வைப்பது. டிரம்ஸ் வாசிப்பவர்கள் தோலின் மேல் ஒட்டும் ஜெல்லை வாங்கிக் கேமராவுக்கு அடியில் ஒட்டுவது. 1915இன் ஸ்பாஞ்ச் ரப்பர் வேறு உருவத்தில் திரும்பி வந்துவிட்டது! அவர்கள் யாரும் ஐவ்ஸின் புத்தகத்தைப் படித்திருக்க வாய்ப்பு குறைவு. பிரச்சினை ஒன்றாக இருந்ததால் விடையும் ஒன்றாக வந்தது, அவ்வளவுதான்.

பிறகு கிம்பல். கோழியைக் கையில் பிடித்து உடம்பை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், தலை மட்டும் அந்தரத்தில் அதே இடத்தில் நிற்கும். கிம்பல் செய்வது அதைத்தான். டிரோன் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று கைரோ சொல்ல, மோட்டார் கேமராவை எதிர்ப்பக்கம் அதே அளவு திருப்புகிறது. 2013இல் இரண்டு அச்சு, 2014இல் பாண்டம் 2 விஷன் பிளஸில் மூன்று அச்சு. 2015இல் பாண்டம் 3 வந்தபோது கிம்பலின் துல்லியம் 0.02 டிகிரி என்று குறிப்பிட்டார்கள். இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? 4கே படத்தின் அகலம் 3840 பிக்சல். லென்ஸ் பார்க்கும் அகலம் சுமார் 75 டிகிரி என்றால், 1 டிகிரிக்கு 50 பிக்சல். 0.02 டிகிரி என்றால் சரியாக 1 பிக்சல்! கிம்பல் இல்லாமல் 4கே என்பது வெறும் விளம்பரம் என்று நான் சொல்வது இதனால்தான். அரை டிகிரி ஆட்டம் வந்தாலே 25 பிக்சல் போய்விடுகிறது.

ஆனால் கிம்பலும் எல்லாவற்றையும் செய்யாது. மெதுவான சாய்வை அது பார்த்துக்கொள்ளும், நொடிக்கு 100 தடவை வரும் அதிர்வை அதன் மோட்டாரால் துரத்த முடியாது. அதனால்தான் இன்றும் பல டிரோன்களில் கிம்பலுக்கும் உடம்புக்கும் நடுவில் சின்னச் சின்ன ரப்பர் உருண்டைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கிழிந்திருந்தாலும், புரொபெல்லரின் நுனி கொஞ்சம் உடைந்திருந்தாலும் படம் நெளியும். வீடியோ திடீரென்று மோசமானால் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

இன்னொரு வேடிக்கை உண்டு. நூற்றைம்பது வருடமாக எல்லோரும் ஷட்டர் நேரத்தைக் குறைக்கப் போராடினார்கள். டிரோன்காரர்கள் காசு கொடுத்து அதை அதிகப்படுத்துகிறார்கள்! நொடிக்கு 24 அல்லது 25 பிரேம் எடுக்கும்போது ஷட்டர் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு திறந்திருந்தால்தான் அசைவு கண்ணுக்கு இயல்பாக இருக்கும் என்பது சினிமாக்காரர்களின் பழைய வழக்கம். அதைவிடக் குறைந்தால் படம் வெட்டி வெட்டி ஓடுவது போலத் தெரியும். நல்ல வெயிலில், எஃப் 2.8 லென்ஸும் ஐஎஸ்ஓ 100உம் வைத்தால் சரியான ஷட்டர் 3200இல் ஒரு பங்கு. அதை 50இல் ஒரு பங்காக்க வெளிச்சத்தை 64இல் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். அதற்குத்தான் லென்ஸுக்கு முன்னால் மாட்டும் அந்தக் கறுப்புக் கண்ணாடி, என்டி 64 என்று எழுதியிருக்குமே அது. கூடுதல் லாபம் என்னவென்றால், ஷட்டர் நீண்டால் சின்ன அதிர்வுகளும் அதற்குள்ளேயே கலைந்து ஜெல்லி நெளிவு குறைந்து தெரியும். (ஆனால் டிரோனில் போட்டோ எடுக்கும்போது இந்தக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். அங்கே பத்யூ காலத்து விதிதான், வேகமான ஷட்டர்.)

சென்சார் அளவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவீர்கள். ஆரம்ப கால டிரோன் கேமராக்களின் சென்சார் 28 சதுர மி.மீ. அளவுதான். 2016இல் வந்த பாண்டம் 4 புரோவின் ஒரு அங்குல சென்சார் 116 சதுர மி.மீ. நான்கு மடங்கு வெளிச்சம், மாலை நேரப் படங்களில் புள்ளி புள்ளியாக வரும் இரைச்சல் குறைகிறது. அதில் மெக்கானிக்கல் ஷட்டரும் இருந்தது, ஆனால் அது போட்டோவுக்கு மட்டும். இது நிஜமான முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆடாமல் நின்ற பிறகுதான் அதன் பலன் கண்ணுக்குத் தெரிந்தது.

அதிகம் பேசப்படாத ஒன்று, கோப்பைச் சுருக்குவது. 4கே வீடியோ நொடிக்கு 30 பிரேம் என்றால், சுருக்காமல் வைத்தால் நொடிக்கு சுமார் 3000 மெகாபிட். பாண்டம் 3 பதிவு செய்தது அதிகபட்சம் 60 மெகாபிட். ஐம்பதில் ஒரு பங்கு! இது எப்படி முடிகிறது என்றால், முந்தைய பிரேமுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் முக்கியமாக எழுதி வைப்பதால். அதனால்தான் தென்னந்தோப்புக்கு மேல் வேகமாகப் பறந்தால் ஓலைகள் எல்லாம் கரைத்த பச்சை மாவு மாதிரி ஆகிவிடுகின்றன. ஒவ்வொரு ஓலையும் ஒவ்வொரு பிரேமிலும் மாறுகிறது, எழுத இடம் போதவில்லை. அதே தோப்பின் மேல் மெதுவாக, ஒரே சீராகப் பறந்தால் அதே டிரோன் ஓலை ஓலையாகக் காட்டும். ஒரு பைசா செலவில்லாமல் தரம் கூட்டும் வழி இதுதான், ஆனால் யாருக்குப் பொறுமை இருக்கிறது!

கடைசியாக, எடுத்து முடித்த பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்வது. 2011இல் அடோபியின் ஆப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் வார்ப் ஸ்டெபிலைசர் வந்தபோது மாயம் மாதிரி இருந்தது. ஆட்டத்தைக் கணக்கிட்டு ஒவ்வொரு பிரேமையும் எதிர்ப்பக்கம் நகர்த்தி, ஓரங்களை வெட்டிவிடும். ஆனால் ஆட்டத்தால் மங்கிய பிரேம் மங்கியபடியேதான் இருக்கும். ஆடுகிற வீடியோவில் அந்த மங்கல் கண்ணுக்குத் தப்பிவிடும், நிறுத்திவைத்த பிறகு படம் அவ்வப்போது காரணமில்லாமல் மங்கித் தெளிவது அசிங்கமாகத் தெரியும். கைரோ பதிவு செய்த எண்களை வைத்தே நிலைப்படுத்தும் மென்பொருள்கள் இப்போது இதைவிட நன்றாகச் செய்கின்றன. ஓரம் போவதும் மங்கல் நிற்பதும் அங்கேயும் அப்படியேதான்.

செயற்கை நுண்ணறிவு வைத்துத் தெளிவாக்கும் மென்பொருள்கள்தான் எனக்குக் கொஞ்சம் பயம் தருபவை. அவை மங்கலைத் திருப்பி எடுப்பதில்லை, அங்கே என்ன இருந்திருக்கலாம் என்று ஊகித்து வரைகின்றன. கல்யாண வீடியோவுக்கு அது போதும். வெள்ளச் சேதம் பார்க்க, வயலில் நோய் பார்க்க, எல்லைத் தகராறில் சாட்சியாகக் காட்ட எடுக்கும் படத்துக்கு?

1943 டிசம்பர் தொடக்கத்தில் இங்கிலாந்தின் மெட்மன்ஹாம் என்ற இடத்தில், பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்த கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித் என்ற பெண் ஒரு படத்தை உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெர்மனியின் பீனெமுண்டே பகுதிக்கு மேல் சில நாட்கள் முன்பு எடுத்த படம் அது. அதில் கடற்கரை ஓரமாக இருந்த ஒரு சாய்தளத்தின் மேல் மிகச் சின்னதாக, சிலுவை வடிவில் ஒரு பொருள். குட்டி விமானம் போல. லண்டனைப் பிறகு தாக்கிய வி-1 பறக்கும் குண்டு அதுதான், ஏவுதளத்தில் தயாராக நின்றபடி. தெரிந்த பொருள்களை வைத்து ஊகிக்கும் ஒரு மென்பொருளுக்கு, அதுவரை பழக்கமே இல்லாத அந்தச் சிலுவை வெறும் தூசியாகப் பட்டிருக்கலாம், அழகாகத் துடைத்தும் விட்டிருக்கலாம். எனவே மென்பொருளில் எவ்வளவு மெருகேற்றினாலும் சரி, டிரோனின் கார்டிலிருந்து வந்த அசல் கோப்பை மட்டும் அழிக்காமல் தனியாக வைத்திருங்கள்.